பிளீடர் ஐயாவுக்கு அஞ்சலி

சாத்தூர், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நம் கரிசல் சீமையின் கோர்ட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஏழைக் கட்சிக்காரனின் முதல் வாசலாக நின்ற பிளீடர் ஐயா, சட்டப் புத்தகத்தில் எப்போதோ மறைந்துவிட்டார். பெரியவர்களின் நினைவில் மட்டும் சில காலம் உயிரோடு இருந்தார். அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கண்மூடிவரும் இந்நாளில், அங்கிருந்தும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். கருப்பு அங்கி அணிந்த இன்றைய வழக்கறிஞரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அவருக்கு முன் அதே படிகளில் ஏறி இறங்கிய இந்த மூத்தவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்களும் அவர் கையெழுத்துப் போட்ட பழைய பத்திரங்களைப் புரட்டும்போது மட்டுமே அவரை நினைக்கிறார்கள். அவர் வாழ்ந்த வாழ்வை ஒருமுறை முழுதாகச் சொல்லி வழியனுப்புவது நம் எல்லோருக்கும் உள்ள கடமை.

அவருடைய வமிசம் பழையது. கம்பெனி அரசு 1793-இல் வங்காளத்தில் நீதிமன்ற வக்கீல்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தது. சென்னை மாகாணத்துக்கு அந்த ஏற்பாடு 1802-இல் வந்தது. எந்த இனத்தவரும் எந்த மதத்தவரும் இந்தத் தொழிலுக்கு வரலாம் என்ற கதவை 1846-ஆம் ஆண்டின் சட்டம் திறந்தது. 1862-இல் சென்னையில் உயர் நீதிமன்றம் அமைந்தபின், லண்டனின் சட்டச் சங்கங்களில் பயின்று கப்பலேறி வந்த பாரிஸ்டர்கள் மேல்வரிசையிலும், அட்டர்னிகளும் உயர் நீதிமன்ற வக்கீல்களும் அடுத்த வரிசைகளிலும் அமர்ந்தார்கள். மாவட்டத்திலும் தாலுகாவிலும் இருந்த கீழமை நீதிமன்றங்களுக்குப் பிளீடர், முக்தியார், ரெவின்யூ ஏஜென்ட் என்ற மூன்று வகையினர் மிஞ்சினார்கள். 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் இந்த ஆறு வகையினரையும் ஒரே ஏட்டில் எழுதி, அவரவர் இடத்தை வரையறுத்தது. பிளீடருக்குக் கிடைத்த இடம் உயர்ந்ததன்று. ஆனால் கிராமத்துக்கு மிக அருகில் இருந்த இடம் அதுதான்.

அந்த இடத்துக்கு வருவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. சென்னையில் சட்டக் கல்லூரி 1891-இல்தான் வந்தது. வந்தபின்னும் கலைக்கல்லூரியில் சில ஆண்டுகள், அதன்பின் பட்டணத்தில் தங்கிச் சட்டத்துக்குச் சில ஆண்டுகள் என்று மகனைப் படிக்க வைக்க, புஞ்சைக் காட்டையும் ஒரு கிணற்றுப் பங்கையும் நம்பிய குடும்பங்களால் இயலவில்லை. அவர்களுக்குப் பிளீடர் தேர்வு இருந்தது. மெட்ரிகுலேஷன் முடித்து, தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்துகொண்டோ ஒரு வக்கீலிடம் பழகிக்கொண்டோ, தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையும் படித்து, தேர்வில் தேறி, தொழில் உரிமமான சன்னது வாங்கிவிட்டால் போதும். ஆண்டுதோறும் முத்திரைக் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய அந்தச் சன்னது ஒரு காகிதம்தான். அதுவே ஒரு சம்சாரியின் மகனை முன்சீப்புக்கு முன்னால் எழுந்து நின்று பேசவைத்தது.

இந்த வாசல் வழியே நுழைந்தவர்கள் எவ்வளவு உயரம் போனார்கள் என்பதற்குத் தஞ்சைச் சீமையின் முத்துசாமி ஐயர் சாட்சி. சிறுவயதில் தந்தையை இழந்து, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்த அவர், பிளீடர் தேர்வில் தேறி, முன்சீப்பாகி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்தார். 1893-இல் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் சிறிது காலம் ஏற்றார். உயர் நீதிமன்றத்துக்குள் வெறுங்காலோடு அமர்ந்திருக்கும் அவருடைய சலவைக்கல் சிலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த நாட்டுப்புறச் சட்டக்காரர்களுக்கு இன்னொருவரும் துணை செய்தார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று அச்சிட்டுக் கொடுத்தார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று நாம் போற்றும் அவர், அதற்கு முன்பே சட்டத்தைத் தமிழ் பேசவைத்தவர்.

பிளீடரை நம்பிய நம் சீமையின் ஊர்களுக்கு இருக்கன்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்கத் தென்மாவட்டங்களே திரண்டு வரும் ஊர் அது. மற்ற நாட்களில் மானாவாரிக் காட்டை நம்பிய சம்சாரிகளின் ஊர். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்தச் சாத்தூர்ப் பகுதி, 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உண்டானபோது அதற்குப் போனது. 1985-இல் காமராசர் மாவட்டமாகி, இன்று விருதுநகர் மாவட்டமாக இருக்கிறது. கலெக்டர் கச்சேரி இடம் மாறியபோதெல்லாம் சனங்களுக்கு எந்த ஊருக்கு வண்டி கட்டுவது என்ற குழப்பம் வந்ததுண்டு. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருக்க, மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் விசித்திரம் இன்றும் தொடர்கிறது. இந்த மாற்றங்களையெல்லாம் கட்சிக்காரனுக்குப் பதிலாகத் தன் தலையில் வாங்கிக்கொண்டவர் பிளீடர். எந்த மனு எந்தக் கோர்ட்டுக்கு, எந்த நகல் எந்த அலுவலகத்தில், எந்த மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தன.

அவர் வேலை கோர்ட்டில் தொடங்கவில்லை. விடியும் முன் புறப்பட்டு வந்த கட்சிக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையோரம் குந்தியிருப்பார். பிளீடர் முதலில் காபியோ மோரோ கொடுக்கச் சொல்வார். பிறகு, “சொல்லுங்க, அண்ணாச்சி” என்பார். அவர் சொல்லத் தொடங்குவது நேற்று நடந்த வரப்புச் சண்டையில் இருக்காது. பாட்டனார் காலத்தில் தம்பிக்கு விட்டுக்கொடுத்த ஒரு குறுக்கத்தில் இருக்கும்; பஞ்ச காலத்தில் ஒத்திக்கு வைத்து மீட்காத ஒரு கிணற்றுப் பங்கில் இருக்கும். இடைமறிக்காமல் கேட்பதே அவர் கற்ற முதல் பாடம். முழுதும் கேட்டபின், அந்த நீண்ட கதையிலிருந்து சட்டத்துக்கு வேண்டிய நாலு வரியை மட்டும் பிரித்தெடுத்து, பிராதின் பத்திகளாக எண் போட்டு எழுதுவார். தானியத்திலிருந்து பதரைப் பிரிக்கும் சம்சாரிக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

பிராதின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் வரும். அங்கேதான் பிளீடரின் கைத்திறம் தெரியும். வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு மேற்கு, இன்னாருடைய பருத்திக் காட்டுக்கு வடக்கு, பொதுக்கிணற்று வாய்க்காலுக்குக் கிழக்கு என்று சக்குபந்தி எழுதும்போது, அவர் அந்த நிலத்தை ஒரு முறையாவது நேரில் நடந்து பார்த்திருப்பார். ஓடை மழைக்கு மழை இடம் மாறும் என்பதும், வண்டிப்பாதை பத்து வருடத்தில் ஒரு கோல் தள்ளிப்போகும் என்பதும், அதனால் எல்லைக் கல்லோடு ஒரு பனையையோ வேப்பமரத்தையோ சேர்த்து எழுத வேண்டும் என்பதும் எந்தச் சட்டக் கல்லூரியும் கற்றுத்தராத அறிவு. அந்தச் சக்குபந்திகளை நம்பியே நம்மில் பலருடைய வீட்டுப் பத்திரங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன.

இன்னொரு பணியும் அவருக்கு இருந்தது. அதை நினைத்தால் அவர் எந்த இரண்டு உலகங்களுக்கு நடுவில் நின்றார் என்பது விளங்கும். 1873-ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. எதிர்த்தரப்புக்காரர் தனக்கு மிகப் புனிதமான முறையில் சத்தியம் செய்து சொன்னால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு கோர்ட்டில் ஒப்புக்கொள்ளலாம். அவரும் இசைந்து சத்தியம் செய்துவிட்டால் அந்தச் சொல்லே முடிந்த சாட்சியம். அம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதை விடப் பெரிய சாட்சி இல்லை என்று நம்பிய சனங்களுக்கு, அந்த நம்பிக்கையைச் சட்டத்தின் மொழியில் மனுவாக்கித் தரத் தெரிந்தவர் பிளீடர்தான். பொய்ச் சத்தியத்துக்குத் துணியாமல் படியேறும் முன்பே சமரசத்துக்கு வந்தவர்களும், இரு தரப்பும் கலந்து பேசிக் கோர்ட்டில் ராஜி மனு கொடுத்ததும் உண்டு. 1969-இல் வந்த புதிய சட்டம் அந்த வழியை மூடிவிட்டது. அவருடைய மறைவும் அதே ஆண்டில்தான் சட்டப்படி உறுதியானது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

சிறிய கோர்ட்டில் பழகியவர் என்பதால் அவர் கை சிறியதை மட்டுமே தொட்டது என்று எண்ண வேண்டாம். தெற்குச் சீமையின் பெரிய வழக்குகள் கப்பலேறி லண்டனின் பிரிவி கவுன்சில் வரை போன காலம் அது. இராமநாதபுரம் ஜமீனில் கணவரை இழந்த ராணி ஒருவர் செய்த தத்து செல்லுமா என்ற வழக்கு, மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையே நடந்து, 1868-இல் அங்கே முடிந்தது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய விதியையும் விஞ்சும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இந்துச் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இன்றும் அதைக் கடக்காமல் போக முடியாது. லண்டன் பிரபுக்களின் மேசைக்குப் போன அந்த வழக்கம், இங்கே கிராமத்துப் பெரியவர்களின் வாயிலிருந்தும் கோயில் கணக்குகளிலிருந்தும் ஓலை ஏடுகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் திரட்டப்பட வேண்டியிருந்தது. அப்படித் திரட்டும் வேலை எந்த வழக்கிலும் கீழ்க் கோர்ட்டில் தொடங்குவது. அங்கே எழுதத் தவறியது எதையும் மேலே போய்ச் சேர்க்க முடியாது.

கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தவர் நுழைந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கும் அப்படித்தான் மதுரையில் தொடங்கி, சென்னைக்குப் போய், 1908-இல் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அங்கே அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. 1899-இன் சிவகாசிக் கலவரத்தைக் கண்ட சனங்களுக்கு அந்தத் தோல்வி என்ன வலியைக் கொடுத்திருக்கும் என்பதை நம் வட்டாரத்தில் விளக்க வேண்டியதில்லை. கோர்ட்டுகள் மறுத்ததை மக்களின் போராட்டம் பெற்றுத் தந்தது: 1939 ஜூலையில் மதுரை வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார், அதே ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. சட்டம் தோற்ற இடத்தில் சட்டக்காரர் ஒருவரே தெருவுக்கு இறங்கி வந்தார் என்பது அந்தத் தொழிலின் நற்பேறு.

பிளீடர் குலத்தின் பெருமை முழுதும் திரண்டு ஒரு மனிதராக நடமாடியது நமக்கு அருகிலேயே. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்து, திருச்சிராப்பள்ளியில் சட்டம் படித்து, பிளீடர் தேர்வில் தேறி, 1895-இல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். போலீசார் தொடுத்த வழக்குகளில் ஏழைகளுக்காக நின்று வென்று, அதிகாரிகளின் பகையைச் சம்பாதித்து, 1900-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். சுதேசிக் கப்பல் ஓட்டிய கதையும், கோரல் மில் தொழிலாளர்களுக்குத் துணை நின்ற கதையும் நாடறிந்தவை. கூண்டுக்கு வெளியே நின்று பிறருக்காகப் பேசிப் பழகிய அந்தப் பிளீடர், 1908-இல் திருநெல்வேலியில் கூண்டுக்குள் நிறுத்தப்பட்டு, நீதிபதி பின்ஹேயால் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், செக்கிழுத்த உடம்போடு 1912-இன் இறுதியில் அவர் வெளியே வந்தபோது கையில் சன்னது இல்லை.

சன்னது இல்லாத பிளீடரின் நிலையை அவர் பட்ட வறுமையிலிருந்து அறியலாம். சென்னையிலும் கோவையிலும் கடையும் கணக்கு வேலையுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் கப்பலோட்டியவர். தம்மைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் நீதிபதி ஒருவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் அளவுக்கு ஒரு சன்னது ஒரு மனிதருக்கு உயிராக இருந்திருக்கிறது என்றால், அந்தக் காகிதத்தின் மதிப்பை வேறு எப்படிச் சொல்வது? அதன்பின் அவர் வந்து தொழில் நடத்திய ஊர் கோவில்பட்டி. சாத்தூருக்கு அடுத்த ஊரில், நம் தாத்தாக்கள் பருத்தியும் மிளகாயும் ஏற்றிப்போன அதே சந்தை ஊரில், வ. உ. சி. கட்சிக்காரர்களின் பிராது எழுதினார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

காலம் மாறியபோது பிளீடரும் மாறினார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். அதன்பின் வட்டாரத்துக் கோர்ட்டுகளில் வரப்பு வழக்கோடு புரோநோட்டு வழக்கும், கூட்டு வியாபார வழக்கும் சேர்ந்துகொண்டன. தீப்பெட்டி லேபிளில் இன்னொருவர் படத்தைப் போட்டதா இல்லையா என்ற வழக்கும் புதிதாக வந்தது. மானாவாரிக் காடு பொய்த்து, சனங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போனபோது, தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று 1923-இல் ஒன்று வந்திருக்கிறது, உன் கை வெந்ததற்குக் காசு கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் இடத்தில் பிளீடர் இருந்தார்.

அவர் காலத்துக் குறைகள் அவரிடமும் இருந்தன. கட்சிக்காரரைப் பிடித்துத் தரும் தரகர்கள் கோர்ட்டு வாசலில் பெருகியதால், அவர்கள் பெயரைப் பட்டியலிட்டு ஒட்டும் அதிகாரத்தைச் சட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுத வேண்டி வந்தது. முடித்துக்கொள்ள வேண்டிய தகராறு தலைமுறைக்கும் நீண்டு சொத்தைத் தின்றதும் உண்டு. பெண்களுக்கு அந்த வாசல் நெடுங்காலம் மூடியே கிடந்தது: 1916-இல் ரெஜினா குஹா என்ற பெண் சட்டப் பட்டத்தோடு பிளீடராக விண்ணப்பித்தபோது, கல்கத்தா உயர் நீதிமன்றம் பெண் என்ற ஒரே காரணத்தால் மறுத்தது, 1923-இல் தனிச் சட்டம் வந்தபின்தான் தடை விலகியது. இந்தக் குறைகளையும் சேர்த்தே அவரை நினைக்கிறோம். பெரியவர்களை அப்படித்தான் நினைக்க வேண்டும்.

அவருடைய இறுதிக்காலம் படிப்படியாக வந்தது. 1926-ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டம் உயர் நீதிமன்ற வக்கீலுக்கும் பாரிஸ்டருக்கும் இருந்த மேடு பள்ளத்தைப் பெரும்பாலும் நிரவியது. பிளீடர் கீழே தம் இடத்திலேயே நின்றார். விடுதலைக்குப் பின் 1951-இல் நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையில் அமைந்த அகில இந்திய பார் குழு, நாடு முழுவதற்கும் ஒரே வழக்கறிஞர் அணி வேண்டும், பட்டம் பெறாத பிளீடர்களையும் முக்தியார்களையும் இனிப் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்று 1953-இல் பரிந்துரைத்தது. 1961-இல் வழக்கறிஞர் சட்டம் வந்தது. லண்டனில் படித்தவரும் சாத்தூரில் தொழில் செய்பவரும் ‘அட்வகேட்’ என்ற ஒரே பெயரில் ஒரே பதிவேட்டில் நின்றார்கள். அது நல்ல நாள். சட்டப் பட்டம் பெற்ற பிளீடர் பலர் அந்தப் பதிவேட்டுக்குள் போய்த் தலை நிமிர்ந்தார்கள். பட்டமில்லாத முதியவர்களைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. அதன் 55-ஆம் பிரிவு, ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்கள் ஆயுள் உள்ளவரை அதே உரிமையோடு தொடரலாம் என்றது. 1969 ஜூன் 1 அன்று அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பிளீடருக்கு இறந்தவர்கள் உண்டு, பிறப்பவர்கள் இல்லை.

அந்தக் கடைசித் தலைமுறையை எண்ணிப் பாருங்கள். தம்மிடம் குமாஸ்தாவாகப் பழகிய பையனின் மகன் அட்வகேட்டாகி எதிர்த்தரப்பில் நிற்க, தாம் மட்டும் பழைய சன்னதோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புதிய நீதிபதிகள் அவர்களுக்கு வயதின் மரியாதையைக் கொடுத்தார்கள். இளம் வழக்கறிஞர்கள் பழைய சர்வே எண்ணையும், மறந்துபோன வழக்கத்தையும் கேட்க அவர்களிடம் போனார்கள். பிறகு கண் மங்கியது, கால் தளர்ந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு முதியவரோடு அந்த ஊரின் பிளீடர் மறைந்தார். பிள்ளைகள் பாங்க் வேலைக்கும் பட்டணத்துக்கும் போயிருந்ததால் அலமாரியிலிருந்த சட்டப் புத்தகங்கள் எடைக்குப் போயின. கேஸ் கட்டுகள் மச்சுக்கு ஏறின.

இத்தகைய இழப்பை நமக்குச் சட்டம் கொடுத்த நாடும் கண்டிருக்கிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் தலைவரிசையில் இருந்த சார்ஜன்ட் என்ற வழக்கறிஞர் குலம், 1870-களின் நீதிமன்றச் சீர்திருத்தத்துக்குப் பின் புதிய ஆட்கள் இல்லாமல் தேய்ந்து, கடைசி ஆங்கிலேய சார்ஜன்டான லிண்ட்லி பிரபு 1921-இல் இறந்ததோடு முடிந்தது. ஆனால் அதே நாடு கீழ்வாசலை மூடிவிடவில்லை. அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தேர்வெழுதிச் சட்டப் பணியாளராக உயரும் வழியை 1963 முதல் ஒரு தனி நிறுவனம் நடத்திவந்தது. 2016 முதல் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல், சம்பளத்தோடு தொழில் பழகியே சொலிசிட்டர் ஆகலாம் என்ற பாதையும் திறந்திருக்கிறது. 2021-இல் அங்கே வந்த புதிய சொலிசிட்டர் தகுதித் தேர்வை எழுத நம் இளைஞர்களும் போகிறார்கள். 2023-இல் இந்திய பார் கவுன்சில் வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆலோசனை கூற விதி வகுத்தது. லண்டனுக்கும் நமக்கும் நடுவில் போக்குவரத்து மறுபடி பெருகும் இந்த நாளில், சட்டம் படிக்க நம் ஊரில் இருந்த எளிய வாசல் மட்டும் திறக்கவில்லை.

மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருப்பதும், பதிவுக் கட்டணமாகப் பார் கவுன்சில்கள் சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் பொதுப்பிரிவினரிடம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நல்ல செய்திகள். இலவசச் சட்ட உதவிக்கு 1987-இல் சட்டம் வந்தது; தாலுகாதோறும் குழுவும் இருக்கிறது. ஆனாலும் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், இறப்புச் சான்றையும் ரேஷன் கார்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நிற்கும் இடத்துக்கும், அந்தக் குழுவின் கதவுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. பட்டாசில் எதைக் கலக்கலாம், எப்போது வெடிக்கலாம் என்பதையெல்லாம் 2018 முதல் டெல்லியில் மூத்த வழக்கறிஞர்கள் வாதாடித் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு ஆலையில் மருந்து அடைக்கும் பெண்ணின் கூலிக்கு என்ன செய்யும் என்பதை அவள் மொழியில், அவள் வீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க யார் இருக்கிறார்கள்? பிளீடரின் தரத்தை உயர்த்தியது நியாயம். அவர் நின்ற இடத்தைக் காலியாக விட்டது நியாயமன்று. அவரை இழந்ததன் துயரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

கரிசல் ஊர்களில் பிளீடர் வம்சத்தில் பிறந்தவர்களுக்கும், அந்த வீடுகளை வாங்கிக் குடியேறியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மச்சிலும் பரணிலும் சன்னது, நாட்குறிப்பு, பிராது நகல், சக்குபந்திக் குறிப்பு, கட்சிக்காரர் கணக்கு எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட விவரங்கள் இருக்கின்றன என்று அஞ்சினால் அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேட்டு ஒப்படையுங்கள். பெரிய வழக்குகளின் தீர்ப்புகள் புத்தகங்களில் இருக்கும். வரப்புக்கும் கிணற்றுப் பங்குக்கும் நியாயம் கேட்டு நடந்த நம் சனங்களின் வரலாறு அந்தக் கட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.